கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே

1961 மார்ச் இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, கடற்காற்று கோல்மன் ஹெரட்டியின் மார்பில் முட்டி நின்றது. அவனுக்குப் பின்னால் போகவில்லை. கில்மோரன் மைதானம் கடலை ஒட்டியது. அன்று கோல்மன் கடலைப் பார்த்து நின்று, தடுப்பாட்டக்காரனாகத் தன் பக்கத்துக் கோலைக் காத்தான். அவனுக்கு முன்னால் மூலைக் கொடிகள் தரையைத் தொடும்படி வளைந்தன. அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர் ஒரே தீக்குச்சியில் சிகரெட் பற்றவைத்தான். பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஆட்டம் அப்போது கோல் ஏதும் விழாமல் சமமாக இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல்மனுக்கு இருபது வயது.

அதற்குப் பிறகு அவனைத் தாண்டி எதுவும் போகவில்லை. பந்து போகவில்லை. பந்தோடு வந்த ஆட்களும் போகவில்லை. சிலருக்கு மூக்கு உடைந்தது, ஒருவனுக்குத் தோள் எலும்பு. அவன் உதைத்ததாகவோ தள்ளியதாகவோ எந்த நடுவராலும் சொல்ல முடியவில்லை. அவன் நின்றான், அவர்கள் வந்து மோதினார்கள். மறுவருஷம் ஆறு பெருகியபோது என்ன சத்தம் என்று பார்க்க பேக்கரிச் சந்தில் இறங்கினான். தண்ணீர் அவன் முழங்கால் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்குப் பின்னால் இருந்த வீடுகளில் தரைவிரிப்புகூட நனையவில்லை. அவனுக்கு முன்னால் இருந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. அவன் அப்பா அந்நாட்டுப் பந்தாட்டமான கேலிக் ஆடியவர், மகன் ஆடும் கால்பந்து இங்கிலீஷ்காரன் ஆட்டம் என்று கடைசிவரை மைதானத்துப் பக்கம் வராதவர். அவர் இறந்தபோது கல்லறை வாசலில் கோல்மன் நின்றிருந்தான். சவ வண்டி அவனுக்கு முன்னால் வந்து அணைந்துபோயிற்று. மூன்று பேர் தள்ளியும் நகரவில்லை. கடைசியில் பெட்டியைப் பின்பக்கச் சுவர்மேல் ஏற்றி இறக்கினார்கள். அன்றிலிருந்து ஊரில் சவ ஊர்வலம் என்றால் முன்கூட்டியே அவனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவனும் திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பான். இரண்டு தரப்பிலும் மனத்தாங்கல் இல்லை.

டிம்ப்னா பேக்கரிக் கல்லாவில் நின்றாள். மைதானத்தில் கூட்டம் கத்துவதுபோல அவளும் அவனை ஹெரட்டி என்றே கூப்பிட்டாள். அவன் தினமும் போய் ஒரு ரொட்டி வாங்கினான். வாங்கிய பிறகும் நின்றான். அவனுக்குப் பின்னால் வரிசை தெருவரைக்கும் நீளும். அவனைத் தாண்டிக் கல்லாவுக்கு யாரும் வர முடியாது.

"ஹெரட்டி, நகரு. ஆளுங்க ரொட்டி வாங்கணும்."

"நீ ஒரு வார்த்த சொல்லு, நகர்றேன்."

"என்ன வார்த்த?"

"சரின்னு."

வரிசையில் யாரோ, "சொல்லித் தொலையேன்மா, பிள்ளைங்க பசியில கெடக்கு" என்றார்.

"ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்றாள் டிம்ப்னா. "இப்ப எடத்தக் காலி பண்ணு."

அந்த ஞாயிறு கோப்பை அரையிறுதி. கில்மோரன் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தூரம் போனதில்லை. எழுபதாவது நிமிடம் வரை கோல் இல்லை. எதிரணியின் இடப்பக்க ஆட்டக்காரன் பந்தோடு வந்தான். ஒல்லியான பையன், வருவதற்கு முன்பே முகம் வெளுத்திருந்தது. டிம்ப்னா கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றாள். சட்டைக் கையில் மாவு. அவள் கத்தினாள்.

"கோல்மன்! சரி!"

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோல்மன் திரும்பிப் பார்த்தான். காற்று அவன் காதோரம் கடந்துபோனது. பையனும் போனான். பந்தும் போனது. கில்மோரன் ஒரு கோலில் தோற்றது. கல்யாணத்தில் ஊரே சாப்பிட்டது, ஆனால் யாரும் பேசியதாக நினைவில்லை. கில்மோரன் சரித்திரத்திலேயே விலை கூடின சம்மதம் இதுதான் என்று மதுக்கடையில் இருபது வருஷம் சொன்னார்கள். கோல்மன் ஒருநாளும் அதற்காக வருந்தவில்லை. அதற்குப் பின் டிம்ப்னா அவனை மறுபடி ஹெரட்டி என்றே கூப்பிட்டாள்.

அந்தக் கோடையில் வடக்கு இங்கிலாந்தின் ஒரு நிலக்கரி ஊர் அணி அவனை எடுத்துக்கொண்டது. இருவரும் கப்பல் ஏறினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அவன் அங்கே நின்றான். புகை அவனுக்கு முன்னாலேயே தங்கியதால் கோலுக்குப் பின்னால் நிற்கும் இடத்துக்கு டிக்கெட் விலை கூடுதல். மூக்கு நான்கு தடவை உடைந்து கடைசியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவில் நின்றது. வீட்டில் டிம்ப்னா கட்டிலின் ஜன்னல் பக்கம் படுத்தாள். மறுபக்கம் படுத்தால் அவளுக்குக் காற்று வராது. குழந்தை பிறக்கவில்லை. பிள்ளைகூட அவனைத் தாண்டி வரவில்லை என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னது டிம்ப்னா காதில் விழுந்தது. அன்று அவள் சமைக்கவில்லை. கோல்மன் கேட்கவில்லை, வெந்நீர் வைத்தான். பிறகு அவன் முழங்கால் இரண்டும் போயின, ஆட்டமும் நின்றது.

1976இல் அவர்கள் திரும்பி வந்தார்கள். கில்மோரன் அவனை மேனேஜர் ஆக்கியது. ஊர்வலம் விட்டார்கள், பேண்டு வாசித்தார்கள். அவனுக்கு ஆட்டத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு வார்த்தை. அதைத்தான் அவன் பயிற்சியில் சொன்னான்: "நில்லு." பிள்ளைகள் நின்றார்கள். பந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று. அவன் கோட்டோரம் நின்றால் அந்தப் பக்கம் பந்து வெளியே போகாது. அந்த அளவுக்கு உதவி. மற்றபடி கில்மோரன் வருஷா வருஷம் கீழே இறங்கியது. 1984இல், இன்னொரு தோல்வி விழுந்தால் லீக்கைவிட்டே வெளியே என்ற நிலையில், சங்கத்தார் அவனை உட்காரவைத்துப் பேசினார்கள். ஊரெல்லாம் ஆஃப்சைடு பொறி வைக்கிறார்கள், நாமும் வைக்க வேண்டும் என்றார்கள்.

அது இப்படி. பந்து வரும் நேரத்தில் தடுக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் அடி முன்னால் வர வேண்டும். எதிராளி அவர்களுக்குப் பின்னால் தனியாக நின்றுவிடுவான். கையைத் தூக்க வேண்டும். கோட்டோரம் நிற்கும் லைன்ஸ்மேன் பார்த்துக் கொடியைத் தூக்குவார். கொடி எழுந்தால் போனவன் போனதாகாது. திரும்பி வர வேண்டும்.

"ஒருத்தன வேணும்னே விட்டுட்டு, கையத் தூக்கிட்டு, இன்னொருத்தன் மூஞ்சியப் பாத்து நிக்கறதா?" என்றான் கோல்மன். "அதுக்குப் பேரு தடுக்கறதா? பிச்ச."

"பிச்சையோ என்னவோ, ஹெரட்டி. நாம தப்பிக்கணும்."

அவன் ஒத்துக்கொண்டான். கடைசி ஆட்டத்தன்று லைன்ஸ்மேனின் கார் வழியில் நின்றுவிட்டது. உள்ளூரில் கொடி பிடிக்கத் தெரிந்தவன் ஃபெஸ்டி ருவேன் ஒருவன்தான். கோல்மனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் கடையில் முன்பக்கம் ஆணி, பெயிண்ட், கயிறு, பின்பக்கம் சவப்பெட்டி. ஊரில் யார் செத்தாலும் எடுத்து அடக்கம் செய்வது ஃபெஸ்டிதான். எண்பத்தெட்டாவது நிமிடம், கில்மோரனில் தடுக்கிற பிள்ளைகள் நான்கு பேரும் ஓர் அடி முன்னால் வந்து கையைத் தூக்கினார்கள். கோட்டோரம் கோல்மனும் தூக்கினான். ஃபெஸ்டி கொடியைத் தூக்கவில்லை. கோல் விழுந்தது. கில்மோரன் லீக்கிலிருந்து போயிற்று. கோல்மனின் வேலையும் போயிற்று. பிறகு இரண்டு ஊர்களில் அவனை வைத்துப் பார்த்தார்கள், ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. ஃபெஸ்டி எதிரே வந்தால் கோல்மன் தெருவின் மறுபக்கம் போவான். ஏழு வருஷம் பேசவில்லை. ஆணி வேண்டுமானால் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினான்.

1991 இலையுதிர்காலத்தில் டிம்ப்னா படுத்தாள். வயிற்றில் வந்த புற்று எலும்புக்கு ஏறியிருந்தது. நர்ஸ் டெலியா தினமும் மாலையில் சைக்கிளில் வந்து ஊசி போட்டாள். ஊசியின் பலன் மறுநாள் மாலை வரைக்கும் வரும், சில நாள் வராது. டிம்ப்னாவுக்குக் குளிர் தாங்கவில்லை. கடற்காற்று ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் புகுந்து வந்தது. கோல்மன் ஜன்னலை முதுகால் மறைத்து நின்றான். அறைக்குள் காற்று வரவில்லை.

"ஹெரட்டி, நல்ல திரைச்சீல நீ" என்றாள் டிம்ப்னா. "கொஞ்சம் அழுக்கு."

"தொவைக்கணுமா?"

"வேணாம். சுருங்கிருவ."

அக்டோபர் கடைசியில், பொழுது சாயும் நேரத்தில், அவள் மூச்சு நின்றது. டெலியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஜன்னலைத் திறக்கப் போனாள். யார் இறந்தாலும் அங்கே அதுதான் முதல் வேலை. ஜன்னலைத் திறந்துவிட்டு, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே யாரும் நிற்காமல் ஒதுங்கிக்கொள்வார்கள். போகிற உயிருக்கு வழி வேண்டும். சிறு பிள்ளைக்கும் தெரியும். கோல்மனுக்கும் தெரியும். டெலியா கைநீட்டி அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் திறந்துவிட்டு விலகினாள். கோல்மன் விலகவில்லை. கட்டிலைப் பார்த்து நின்றான்.

சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினார்கள். கண்ணாடியைத் துணியால் மூடினார்கள். மருத்துவர் வந்து நாடி பார்த்தார். நாடியில்லை, மூச்சில்லை, கை சூடாக இருந்தது. இறந்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சில நாள் கழித்து மறுபடி வந்து பார்த்தார். கை சூடாகவே இருந்தது. முதல் கையெழுத்தே போதும் என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். ஊர் வரிசையில் வந்தது. ஒவ்வொருவரும் கோல்மனின் கையைப் பிடித்து, உன் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்றார்கள். டிம்ப்னாவின் கையைத் தொட்டார்கள். அவள் விரல்கள் லேசாகத் திரும்பப் பிடித்தன. கீழே இறங்கி ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டார்கள். வானொலியில் காலையும் மாலையும் மரண அறிவிப்பு வாசித்தார்கள்: டிம்ப்னா ஹெரட்டி, பேக்கரிச் சந்து, கில்மோரன், அடக்கம் பின்னர் அறிவிக்கப்படும். முதல் வாரம் ஊர் அதைக் கவனித்துக் கேட்டது. பிறகு அது வானிலை அறிக்கைக்கு முன்னால் வருகிற ஒன்றாகிவிட்டது. கல்லறையில் வெட்டிய குழியில் மழைநீர் நிறைந்தது. இறைத்தார்கள். மறுபடி நிறைந்தது. பெட்டிக்குள் வைக்க அவளைத் தூக்கப் பார்த்தார்கள். ஆறு பேரால் முடியவில்லை. பாதிரியார் இவ்வளவு நீண்ட துக்கவீட்டுக்குத் தன்னிடம் ஜெபம் இல்லை என்று சொல்லி, முதலில் இருந்து ஆரம்பித்தார்.

கோல்மன் நின்ற இடத்திலேயே சாப்பிட்டான். நின்றபடியே கண்ணயர்ந்தான். முழங்கால்கள் வீங்கிக் கால்சட்டைத் துணி இறுகியது. அவனுக்கு அது பரவாயில்லை. எதிரே அவள் இருந்தாள். கன்னத்தில் நிறம் இருந்தது. பேக்கரியில் பார்த்ததுபோலவே பார்த்துக்கொண்டு நின்றான். இப்படியே போகட்டும் என்று அவன் நினைத்தான். போயிருக்கும்.

ஆனால் மாலையானால் அவள் புருவங்களுக்கு நடுவே அந்தக் கோடு விழுந்தது. ஊசியின் பலன் தீரும் நேரத்தில் விழுகிற கோடு. கடிகாரம் நின்றிருந்தது, வலிக்கு நேரம் தெரிந்திருந்தது. பிறகு உதடு உள்ளே மடங்கும். பிறகு வலது கை போர்வையைப் பற்றும். முதல் சில நாள் கோல்மன் அதைப் பார்க்காததுபோல இருந்தான். டெலியா வந்து அவள் உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றினாள்.

"ஊசி போடு" என்றான் கோல்மன்.

"செத்தவங்களுக்குப் போட எங்கிட்ட மருந்து இல்ல, ஹெரட்டி."

"வலிக்குது அவளுக்கு. கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"எனக்குத் தெரியுது. ஒனக்குத் தெரியறதுக்குத்தான் இத்தன நாள் ஆச்சு." பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். "உசிரு போனா வலியும் போகும். நீ உசிர விடல. அப்ப வலி எங்க போகும்?"

அவன் அன்று நகரப் பார்த்தான். கால் எழவில்லை. அவன் ஒருவருக்கும் வழிவிட்டதில்லை. எப்படி விடுவது என்று கால்களுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக அவற்றுக்கு ஒரே வார்த்தைதான் சொல்லப்பட்டிருந்தது. ஒரே ஒரு தடவை ஒருவன் அவனைத் தாண்டியிருக்கிறான். அன்று அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டால் திரும்பிவிடலாம். கோல்மன் அதற்காகக் காத்திருந்தான். நவம்பர் பாதி போயிற்று.

ஃபெஸ்டி தினமும் வந்தான். கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாகக் கட்டிலருகே நாற்காலியில் உட்காருவான். கோல்மன் அவன் பக்கம் பார்க்கமாட்டான். கீழே பெட்டி, மூடி திறந்தபடி, வரவேற்பறையில் கிடந்தது. ஒரு பிற்பகல் ஃபெஸ்டி டீக்கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினான்.

"நகருடா."

கோல்மன் கட்டிலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சொன்னான். "நகரத் தெரியாதுடா எனக்கு."

"தெரியும். எண்பத்தி நாலுல நகந்த. நாலு பசங்களையும் நகத்துன."

"நீ கொடி தூக்கல."

"அந்த ஆளு ஆஃப்சைடு இல்ல."

"ஆஃப்சைடு."

"கடைசிப் பையன் லேட்டா வந்தான். அவன் குதிகால் பின்னால இருந்துச்சு. நான் பாத்தேன்."

"ஆஃப்சைடுடா! ஊரே பாத்துச்சு!"

கீழே சமையலறையில் பேச்சு நின்றது. கரண்டி ஒன்று தட்டில் விழுந்தது.

"ஊரு என் கடையில ஆணி வாங்கறத ஒரு வருஷம் நிறுத்துச்சு" என்றான் ஃபெஸ்டி. "வேற வழியில்லாம செத்து செத்து வந்தானுங்க எங்கிட்ட. இப்பவும் கேக்கறியா? அது ஆஃப்சைடு இல்ல. டிம்ப்னா முன்னாடி உக்காந்துட்டு நான் பொய் சொல்லமாட்டேன்."

"ஒரு தடவ தூக்கியிருந்தா என்னடா?"

"நான் தூக்கறதுனால அது ஆஃப்சைடு ஆகாது. இருந்தாத்தான் தூக்குவேன்."

கோல்மன் மூக்கால் சிரித்தான், அல்லது அது மூச்சு. ஏழு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசியது அவ்வளவுதான். வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கடல் சாம்பல் நிறமாயிற்று. டிம்ப்னாவின் புருவங்களுக்கு நடுவே கோடு விழுந்தது. உதடு உள்ளே மடங்கியது. கை போர்வையைத் தேடியது. போர்வை கிடைக்காமல் வெறும் படுக்கையில் விரல்கள் மூடித் திறந்தன.

கோல்மன் அவள் உதட்டைப் பார்த்தான். கோல்மன் என்று ஒரு தடவை. சத்தம் வேண்டாம், உதடு அசைந்தால் போதும். அவன் காத்திருந்தான். ஃபெஸ்டியும் பார்த்தான். உதடு அசையவில்லை. அவள் விரல்கள் மட்டும் மூடித் திறந்தன. யாரும் அவனைக் கூப்பிடப் போவதில்லை.

அவன் ஓர் அடி முன்னால் வந்தான்.

ஜன்னலை விட்டு, கட்டிலை நோக்கி, ஓர் அடி. முழங்கால் காய்ந்த குச்சிபோல முறிகிற சத்தம் கேட்டது. வலது கை தானாக மேலே போயிற்று, நேராக, உள்ளங்கை திறந்து. அவன் முதுகுக்குப் பின்னால் ஏதோ கடந்தது. அது பெரிதாக இல்லை. ரொட்டி வேகும் வாசனை அடித்ததாக ஃபெஸ்டி பிறகு சொன்னான். காற்று கடலிலிருந்து உள்ளே அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் திரைச்சீலை வெளிப்பக்கமாகப் போய், முழு நீளத்துக்கும் விறைத்து, பிறகு தொங்கியது. டிம்ப்னாவின் புருவங்களுக்கு நடுவே இருந்த கோடு மறைந்தது. விரல்கள் திறந்தபடி நின்றன.

பிறகு காற்று அவனைத் தாண்டி அறைக்குள் வந்தது. மெழுகுவர்த்திகள் அணைந்தன. அது படியிறங்கிப் போய்ச் சமையலறைக் கதவை அறைந்தது. அங்கே இருந்தவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் கோட்டுகளைத் தேடினார்கள். யாரோ வாளிகளைப் பற்றிக் கேட்டார். குழியில் இன்னொரு தடவை தண்ணீர் இறைக்க வேண்டும்.

மேலே கோல்மன் அதே இடத்தில் நின்றான். முதுகுச் சட்டை காற்றில் படபடத்தது. ஜன்னல் பக்கம் அவன் திரும்பவில்லை. கையை இறக்கவும் இல்லை. நாற்காலியில் இருந்த ஃபெஸ்டியை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்த ஃபெஸ்டியைப் பார்த்தான்.

"ஃபெஸ்டி" என்றான். "கொடியத் தூக்குடா."